மெல்லப் பேசிய தையல்காரர்

1740-களின் தொடக்கம். அன்று இங்கிலாந்தின் குடியேற்றமாக இருந்த நியூ ஜெர்சியில் மவுண்ட் ஹாலி என்று ஒரு சிற்றூர். அங்கே ஒரு கடை. அந்தக் கடையில் சரக்கு எடுத்துக் கொடுக்கவும் கணக்கு எழுதவும் ஓர் இளைஞர் வேலைக்கு இருந்தார். வயது இருபத்தொன்று, இருபத்திரண்டு இருக்கலாம். ஒருநாள் முதலாளி அவரைக் கூப்பிட்டு ஒரு கிரயச் சீட்டு எழுதச் சொன்னார். விற்கப்படுவது துணியோ சர்க்கரையோ அல்ல. முதலாளியிடம் அடிமையாக இருந்த ஒரு கறுப்பினப் பெண். வாங்க வந்தவர் பக்கத்திலேயே காத்துக்கொண்டு நின்றார்.

இளைஞர் திகைத்துப் போனார். ஒரு மனிதரை விற்பதற்குத் தன் கையால் எழுதுவதா? ஆனால் சம்பளம் கொடுக்கும் முதலாளி சொல்கிறார். வாங்குபவரோ வயதில் பெரியவர், தன்னுடைய சபையையே சேர்ந்தவர். யோசிக்க நேரமும் இல்லை. எழுதிக் கொடுத்துவிட்டார். ஆனால் எழுதி முடித்த கையோடு, இரண்டு பேரும் கேட்க ஒரு வார்த்தை சொன்னார். அடிமை வைத்துக்கொள்வது கிறிஸ்தவ சமயத்துக்கு ஒத்துவராத காரியம் என்று தான் நினைப்பதாகச் சொன்னார். அவ்வளவுதான். சண்டை இல்லை, சாபம் இல்லை. சீட்டும் கிழிக்கப்படவில்லை.

அந்த இளைஞரின் பெயர் ஜான் வுல்மன் (1720-1772). அந்தப் பெண்ணின் பெயரை அவர் தன் நாட்குறிப்பில் எழுதி வைக்கவில்லை. அமெரிக்காவில் அடிமை முறைக்கு எதிரான இயக்கத்தின் வரலாற்றில் வுல்மனுக்கு முக்கியமான இடம் உண்டு. அவர் படை திரட்டவில்லை, சட்டசபைக்குப் போகவில்லை. முப்பது வருடம் வீடு வீடாகப் போய் மெல்லிய குரலில் பேசினார். கனிவாகப் பேச வேண்டும் என்ற கிறிஸ்தவப் போதனையை அதன் கடைசி எல்லை வரை கொண்டுபோய்ப் பார்த்தவர் என்று அவரைச் சொல்லலாம்.

வேதாகமத்தில் நாவைப் பற்றிய போதனைகளுக்குக் குறைவில்லை. கோபத்தோடு வருபவரிடம் பணிவாகப் பதில் சொன்னால் அவர் கோபம் இறங்கிவிடும் என்கிறது நீதிமொழிகள் நூல். யாக்கோபு தன் நிருபத்தில் நாவைக் குதிரையின் கடிவாளத்துக்கும், பெரிய கப்பலைத் திருப்பும் சிறிய சுக்கானுக்கும், காட்டையே எரித்துவிடும் பொறிக்கும் ஒப்பிடுகிறார். பவுல் கொலோசெ பட்டணத்தாருக்கு எழுதும்போது, பேச்சில் தயவு இருக்க வேண்டும், கூடவே உப்பும் இருக்க வேண்டும் என்கிறார். எபேசியருக்கு எழுதியதில் அன்பையும் உண்மையையும் சேர்த்தே பேசச் சொல்கிறார். இங்கே ஒன்றைக் கவனிக்க வேண்டும். பெரும்பாலானவர்கள் இந்தப் போதனையில் தயவை மட்டும் எடுத்துக்கொண்டு உப்பை விட்டுவிடுவார்கள். யார் மனமும் நோகாமல் பேசுவதே இனிய பேச்சு என்று ஆகிவிடுகிறது. தாவீது ராஜாவிடம் போய் அவன் செய்த கொலையைச் சுட்டிக்காட்டிய நாத்தான் தீர்க்கதரிசியை நினைத்தால் விஷயம் புரியும். அவர் கத்தவில்லை. ஏழை வளர்த்த ஆட்டுக்குட்டியைப் பற்றி ஒரு கதை சொன்னார். கதை முடிந்தபோது ராஜா தன் வாயாலேயே தனக்குத் தீர்ப்பு சொல்லிவிட்டிருந்தான்.

வுல்மன் பிறந்தது குவேக்கர் குடும்பத்தில். நண்பர்கள் சபை என்பது அவர்கள் தங்களுக்கு வைத்துக்கொண்ட பெயர். 1650-களில் இங்கிலாந்தில் ஜார்ஜ் ஃபாக்ஸ் தொடங்கி வைத்த இயக்கம் இது. இவர்களுடைய வழிபாட்டில் பெரும்பகுதி மௌனம்தான். எல்லோரும் உட்கார்ந்திருப்பார்கள். யாருக்காவது உள்ளே ஏவுதல் வந்தால் எழுந்து பேசுவார். இல்லாவிட்டால் ஒரு சொல்கூடப் பேசாமல் கலைந்து போவார்கள். சுவாரசியமான விஷயம் என்னவென்றால், ஆரம்ப காலக் குவேக்கர்களுக்கு மரியாதை தெரியாதவர்கள் என்றே பெயர். அப்போதைய ஆங்கிலத்தில் தமிழைப் போலவே 'நீ', 'நீங்கள்' என்று இரண்டு சொற்கள் இருந்தன. கடவுள் முன் எல்லோரும் சமம் என்று சொல்லி இவர்கள் நீதிபதியையும் பிரபுவையும் 'நீ' என்றார்கள். தொப்பியையும் கழற்ற மாட்டார்கள். நம் ஊர் நீதிமன்றத்தில் நீதிபதியை 'நீ' என்றால் என்ன நடக்கும் என்று யோசித்துப் பாருங்கள்! அதுதான் நடந்தது. நிறையப் பேர் சிறைக்குப் போனார்கள்.

நூறு வருடத்தில் நிலைமை மாறிவிட்டது. அமெரிக்கக் குடியேற்றங்களில் குவேக்கர்கள் வசதியான வணிகர்களாகவும் நிலக்காரர்களாகவும் ஆகியிருந்தார்கள். பலரிடம் அடிமைகள் இருந்தனர். 1688-இலேயே பென்சில்வேனியாவின் ஜெர்மன்டவுனில் நான்கு பேர் கையெழுத்திட்டு இதை எதிர்த்து ஒரு மனு கொடுத்தார்கள். மேல்மட்டக் கூட்டங்கள் அதை ஒன்றிடமிருந்து ஒன்று தள்ளிவிட்டு, கடைசியில் ஓரமாக வைத்துவிட்டன. ஆக, வுல்மன் பேச வேண்டியிருந்தது வெளியாட்களிடம் அல்ல. ஒரே கூரையின்கீழ் மௌனமாக உட்கார்ந்து ஜெபிக்கும் சொந்தச் சபையாரிடம். இதுதான் கஷ்டம்.

அவருக்கு மெல்லப் பேசக் கற்றுக்கொடுத்தது யார் என்று பார்த்தால், அவருடைய தந்தை சாமுவேல் வுல்மன்தான் என்று தோன்றுகிறது. ஜானுக்குப் பன்னிரண்டு, பதின்மூன்று வயது. தந்தை ஊரில் இல்லாத நேரம். தாய் ஏதோ கண்டித்ததற்கு மரியாதையில்லாமல் பதில் சொல்லிவிட்டான். தந்தை திரும்பி வந்தார். உடனே கூப்பிட்டு அடிக்கவில்லை. ஞாயிற்றுக்கிழமை வழிபாடு முடிந்து இருவரும் வீட்டுக்கு வரும் வழியில், அம்மாவிடம் தவறாக நடந்துகொண்டதாகத் தெரிகிறது, இனிமேல் கவனமாக இரு என்று மட்டும் சொன்னார். பையன் வெட்கத்தில் பேச்சிழந்தான். அதற்குப் பிறகு தாயிடமோ தந்தையிடமோ தகாத வார்த்தை பேசியதாகத் தனக்கு நினைவே இல்லை என்று வுல்மன் பின்னாளில் எழுதினார். பிரம்பு சாதிக்காததை ஒரு வாக்கியம் சாதித்துவிட்டது.

இதே காலத்தில் இன்னொரு குவேக்கரும் அடிமை முறையை எதிர்த்துக்கொண்டிருந்தார். பெஞ்சமின் லே என்பது அவர் பெயர். உயரம் சுமார் நான்கடி. முதுகு கூன். பார்படோஸ் தீவில் அடிமைகள் படும் பாட்டை நேரில் கண்டவர். அவருக்கு மெல்லப் பேசுவதில் நம்பிக்கை இல்லை. 1738-இல் பர்லிங்டனில் நடந்த ஆண்டுக் கூட்டத்துக்கு மேலங்கிக்குள் படைவீரர் உடையும் வாளும் மறைத்துக்கொண்டு வந்தார். கையில் உள்ளே குடைந்த புத்தகம். அதற்குள் சிவப்புப் பழச்சாறு நிரப்பிய ஒரு பை. அடிமை வைத்திருப்பவர்களின் இரத்தத்தைக் கடவுள் இப்படித்தான் சிந்துவார் என்று முழங்கி, வாளால் புத்தகத்தைக் குத்தினார். சுற்றி இருந்தவர்கள் மேல் சிவப்புச் சாறு தெறித்தது. அவரைத் தூக்கிக்கொண்டுபோய் வெளியே விட்டார்கள். சபையும் அவரைத் தன்னவர் அல்ல என்று அறிவித்துவிட்டது. வுல்மனுக்கு அப்போது 17 வயது. அவர் வளர்ந்த பண்ணையும் அதே பர்லிங்டன் மாவட்டத்தில்தான் இருந்தது.

லே சொன்னதில் தவறு ஒன்றும் இல்லை. இதைச் சொல்லாமல் வுல்மனை மட்டும் புகழ்வது நியாயமாகாது. சாறு தெறித்த உடையைத் துவைத்துக்கொள்ளலாம், சாட்டை பட்ட முதுகை அப்படித் துவைக்க முடியுமா? ஆனால் அன்றைய கூட்டத்தார் வீட்டுக்குப் போய்ப் பேசியது அடிமைகளைப் பற்றியா, லேயின் கூத்தைப் பற்றியா என்று கேட்டால் இரண்டாவதாகத்தான் இருந்திருக்கும். கோபமான பேச்சில் உள்ள ஆபத்து இது. கேட்பவர் தப்பித்துக்கொள்ள அதிலேயே ஒரு வழி கிடைத்துவிடுகிறது.

வுல்மன் அந்த வழியை அடைத்தார். ஊரில் அவருக்கு எழுத்து வேலை நிறைய வந்தது. பத்திரம், உயில் எல்லாம் எழுதிக் கொடுப்பார். நல்ல வருமானம். ஒருமுறை ஊரில் மதிப்புள்ள ஒரு முதியவர் உயில் எழுத வந்தார். அவரிடம் இளம் அடிமைகள் இருந்தனர். அவர்களை என்ன செய்யப் போகிறீர்கள் என்று வுல்மன் தனியாக, யாரும் கேட்காதபடி விசாரித்தார். பெரியவர் சொன்னார். அப்படியானால் என் மன நிம்மதியைக் கெடுத்துக்கொள்ளாமல் இந்த உயிலை என்னால் எழுத முடியாது என்று வுல்மன் காரணங்களோடு பணிவாகச் சொன்னார். பெரியவருக்கு வருத்தம்தான், ஆனால் கோபித்துக்கொள்ளவில்லை. வேறு ஒருவரிடம் எழுதிக்கொண்டார். சில வருடங்கள் போயின. குடும்பத்தில் பல மாற்றங்கள். பெரியவர் மறுபடியும் வுல்மனிடமே வந்தார். அடிமைகளைப் பெறப்போகும் தன் மகன் முன்பு தறுதலையாக இருந்தான், இப்போது திருந்திவிட்டான், ஆகவே இனி எழுதத் தடை இருக்காது என்று நினைத்தார். வுல்மன் இப்போதும் எழுதவில்லை. இருவரும் நெடுநேரம் நட்பாகப் பேசிக்கொண்டிருந்தார்கள். சில நாள் கழித்து மூன்றாம் முறையாக வந்த பெரியவர், அடிமைகளுக்கு விடுதலை என்று எழுதச் சொன்னார். வுல்மன் எழுதிக் கொடுத்தார்.

இதில் கவனிக்க வேண்டியது, பெரியவர் ஏன் திரும்பத் திரும்ப அங்கேயே வந்தார் என்பதுதான். ஊரில் உயில் எழுத வேறு ஆள் இல்லாமலா? முதல் முறை மறுத்தபோது வுல்மன் கதவைச் சாத்தவில்லை. பெரியவருடைய மானத்தையும் வாங்கவில்லை. மறுப்பில் மட்டும் ஓர் அங்குலம்கூட விட்டுக்கொடுக்கவில்லை.

1746-இல் அவர் ஒரு நண்பரோடு மேரிலாந்து, வர்ஜீனியா, வட கரோலினா பக்கம் சுமார் 1500 மைல் பயணம் போனார். அடிமைகள் உழைப்பில் வசதியாக வாழும் வீடுகளில் விருந்துண்பது அவருக்குத் தொண்டையில் சிக்கியது. திரும்பி வந்து அடிமை முறை பற்றி ஒரு கட்டுரை எழுதினார். எழுதியதை உடனே அச்சுக்குக் கொடுக்கவில்லை. அது 1754-இல்தான் வெளிவந்தது. 1757-இல் மறுபடியும் தெற்கே போனபோது புது வழி ஒன்றைக் கடைப்பிடித்தார். விருந்தாளியாகத் தங்கிய வீடுகளில் கிளம்பும்போது பணம் கொடுத்தார். வீட்டுக்காரரிடம் தனியாகக் கொடுத்து, உங்கள் அடிமைகளில் யாருக்குப் பயன்படுமோ அவர்களுக்குக் கொடுங்கள் என்பார். சில இடங்களில் தன் கையாலேயே அவர்களுக்குச் சிறு வெள்ளி நாணயங்களைக் கொடுத்தார். பணக்கார வீட்டில் விருந்து சாப்பிட்டுவிட்டுக் கூலி கொடுப்பது எவ்வளவு சங்கடம்! ஒரு பிரசங்கத்தில் அடங்காத விஷயம் அந்த நாணயத்தில் இருந்தது. இந்த வீட்டில் ஒருவருக்குக் கூலி பாக்கி இருக்கிறது என்று அது சொல்லியது. இதைக் கொடுக்கத் தனக்கு மிகவும் தயக்கமாக இருந்தது என்றும், ஆனால் கோபப்பட்டவர்கள் அநேகமாக யாரும் இல்லை என்றும் அவர் எழுதியிருக்கிறார்.

எல்லாம் ஒன்றுகூடி வந்தது 1758-இல், பிலடெல்பியா ஆண்டுக் கூட்டத்தில். அடிமைகளை வாங்கும் உறுப்பினர்களை என்ன செய்வது என்ற விவாதம். வுல்மன் பெரும்பாலான நேரம் வாய் திறக்கவில்லை. அடிமை முறையை நேரடியாக ஆதரிக்க யாருக்கும் துணிவில்லை. ஆனால் காலம் கனியட்டும், ஆண்டவர் வழி காட்டுவார், பொறுத்திருப்போம் என்று சிலர் பேசினார்கள். கேட்க எவ்வளவு சாந்தமான பேச்சு! வுல்மன் எழுந்தார். ஒடுக்கப்பட்டவர்களின் கூக்குரல் கடவுளின் காதுக்கு எட்டிவிட்டது, சொந்த லாபத்தை நினைத்தும் நண்பர்கள் மனம் நோகுமே என்று பார்த்தும் கடமையைத் தள்ளிப்போட்டால் அவர் பயங்கரமான முறையில் பதில் சொல்லக்கூடும் என்ற பொருளில் பேசினார். லே சொன்ன அதே விஷயம்தான். வாளும் இல்லை, சாறும் இல்லை. இருபது வருடத்துக்கு முன் லேயைத் தூக்கி வெளியே போட்டவர்களின் சபை இப்போது கேட்டது. அடிமைகளை வாங்குகிற, விற்கிற உறுப்பினர்கள் சபை நிர்வாகக் கூட்டங்களில் பங்கேற்கக் கூடாது என்று முடிவாயிற்று. அடிமை வைத்திருப்பவர்களை வீட்டுக்கே போய்ப் பார்த்துப் பேச ஒரு குழுவும் அமைக்கப்பட்டது. அதில் வுல்மனும் ஒருவர். முதியவரான லே இந்தச் செய்தியைக் கேட்டு, இனி நிம்மதியாகச் சாவேன் என்றாராம். அடுத்த வருடமே இறந்தார்.

மென்மையால் மட்டும் இது நடந்தது என்று சொல்லிவிட முடியாது. லேயைப் போன்றவர்கள் முன்பே நிலத்தை உழுது போட்டிருந்தார்கள். ஆன்டனி பெனசெட் போன்ற ஆசிரியர்கள் விடாமல் எழுதிக்கொண்டிருந்தார்கள். இன்னொரு கேள்வியும் இருக்கிறது. உயில் எழுத வந்த பெரியவர் மனம் மாறச் சில வருடங்கள் ஆயின. அந்த வருடங்களை அவர் வீட்டில் கழித்தவர்கள் யார்? பொறுமை வுல்மனுடையது, காத்திருந்தது அடிமைகள். இந்தக் கணக்கு இடிக்கத்தான் செய்கிறது.

வுல்மனுக்கும் அது இடித்தது. அதனால்தான் அவர் மற்றவர்களிடம் காட்டிய தயவைத் தன்னிடம் காட்டிக்கொள்ளவில்லை. சொந்தமாக நடத்திவந்த கடை நன்றாக ஓடியது. வியாபாரம் பெருகப் பெருக, மக்கள் தேவையில்லாததைக் கடனுக்கு வாங்கி, அடைக்க முடியாமல் வழக்குக்கு இழுபடுவதையும் பார்த்தார். 1756 வாக்கில் கடையை மூட முடிவு செய்தார். வேறு எந்தக் கடைக்குப் போவது என்று யோசிக்க அவகாசம் இருக்கட்டும் என்று வாடிக்கையாளர்களிடம் முன்கூட்டியே சொல்லிவிட்டார். லாபத்தில் ஓடும் கடையை இப்படி மூடியவர்கள் வணிக வரலாற்றில் அதிகம் இருக்க மாட்டார்கள். பிறகு தையல் வேலையும் ஆப்பிள் தோட்டமும்தான். சாயம் தோய்க்காத துணியை உடுத்தினார். அடிமைகள் விளைவித்த சர்க்கரையை விட்டார்.

இன்னொரு பாக்கியும் இருந்தது. பல வருடங்களுக்கு முன், ஒருவருடைய சொத்தை நிர்வகிக்கும் இருவரில் ஒருவராக இருந்தபோது, ஒரு கறுப்பினச் சிறுவனை முப்பது வயது வரை வேலை செய்யும்படி விற்க அவரும் உடன்பட்டிருந்தார். அந்தப் பணம் அவர் பைக்கு வரவில்லை. ஆனாலும் அது அவரை வாட்டிக்கொண்டே இருந்தது. கடைசியில், அந்த வாலிபனின் கடைசி நாலரை வருட வேலைக்கு நியாயமான தொகையைத் தானே கொடுப்பதாக, தனக்குப் பின் வருபவர்களையும் கட்டுப்படுத்தும்படி பத்திரம் எழுதிக் கையெழுத்துப் போட்டார். கிரயச் சீட்டு எழுதிய அதே கை.

1763-இல் சஸ்குவெஹானா ஆற்றங்கரையில் வயலூசிங் என்ற இடத்தில் வாழ்ந்த பூர்வகுடி மக்களைப் பார்க்கப் போனார். எல்லைப்புறத்தில் போர் நடந்துகொண்டிருந்த நேரம். உயிருக்கே ஆபத்து. அங்கே ஒரு கூட்டத்தில் மொழிபெயர்ப்பாளர்கள் தடுமாறினார்கள். மொழிபெயர்க்காமல் விட்டுவிடுங்கள் என்று சொல்லிவிட்டு, வுல்மன் தன் மொழியிலேயே ஜெபித்தார். கேட்டுக்கொண்டிருந்த பாப்புனெஹாங் என்ற தலைவர், சொற்கள் எங்கிருந்து வருகின்றன என்பதை உணர்வது தனக்குப் பிடிக்கும் என்று பிறகு ஒருவரிடம் சொன்னார். ஒரு சொல்கூடப் புரியாமல் கேட்டவர் சொன்னது இது!

1772-இல் வுல்மன் கப்பலில் கடைசி வகுப்பில், மாலுமிகளோடு தங்கி இங்கிலாந்து போனார். இறங்கியதும் நேராக லண்டன் ஆண்டுக் கூட்டத்துக்குள் நுழைந்தார். வெளுத்த, சாயமில்லாத உடையில் வந்தவரைப் பார்த்து அங்கிருந்தவர்கள் முகம் சுளித்தார்கள். வந்த கடமை முடிந்ததாக நினைத்துக்கொண்டு ஊர் திரும்பலாமே என்று ஒருவர் சொன்னாராம். வழிவழியாகச் சொல்லப்படும் செய்தி இது. வுல்மன் கண்ணீர் விட்டார், ஆனால் பதிலுக்குச் சுடவில்லை. வந்த வேலையை விட முடியாது, உங்களுக்குப் பாரமாகவும் இருக்க மாட்டேன், எனக்குத் தையல் தெரியும், ஏதாவது வேலை கொடுங்கள் என்று கேட்டார். சிறிது நேரம் கழித்து ஏவுதல் வந்து பேசினார். பேசி முடித்தபோது திரும்பிப் போகச் சொன்னவரே எழுந்து மன்னிப்புக் கேட்டாராம்.

அங்கிருந்து வடக்கே நடந்தே போனார். குதிரை வண்டிகளில் குதிரைகளையும் வேலைக்காரச் சிறுவர்களையும் வதைத்து ஓட்டுகிறார்கள் என்பதால் வண்டியில் ஏற மறுத்தார். யார்க் நகரில் பெரியம்மை கண்டு, 1772 அக்டோபர் 7-இல் இறந்தார். நாட்குறிப்பு 1774-இல் அச்சாகி வந்தது.

1776-இல் பிலடெல்பியா ஆண்டுக் கூட்டம், அடிமை வைத்திருப்பவர் எவரும் சபையில் உறுப்பினராக இருக்க முடியாது என்று விதித்தது. பென்சில்வேனியா 1780-இல் படிப்படியான விடுதலைக்குச் சட்டம் செய்தது. வுல்மனின் சொந்த மாநிலமான நியூ ஜெர்சி 1804 வரை எடுத்துக்கொண்டது. அந்தச் சட்டமும் அதற்குப்பின் பிறக்கும் குழந்தைகளுக்குத்தான், அவர்களும் பல வருடம் வேலை செய்து தீர்த்த பிறகுதான். அங்கே எஞ்சியிருந்த கடைசிச் சிலர் விடுதலையானது 1865 டிசம்பரில், அமெரிக்க அரசியல் சட்டத்தின் 13-ஆவது திருத்தம் நடைமுறைக்கு வந்தபோது.